நியூரம்பெர்க் சதுக்கம் யாருக்கானது?

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கிறது நியூரம்பெர்க். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிறு வருவதற்கு முன்பான வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. குளிர்காலம் என்பதால் பொழுது எப்போதோ சாய்ந்துவிட்டது. பழைய நகரத்தின் நடுவே உள்ள ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். விளக்குகள் அணைகின்றன. கிழக்குப் பக்கம் நிற்கும் மாதா கோயிலின் முகப்பு மாடத்தில் மட்டும் வெளிச்சம். பொன்னிற உடையும் சுருள் முடியும் உயர்ந்த கிரீடமுமாக ஓர் இளம்பெண் அங்கே வந்து நின்று, இரு கைகளையும் விரித்துப் பேசத் தொடங்குகிறார். அவர்தான் 'கிறிஸ்ட்கிண்ட்'. பரிசு கொண்டுவரும் தேவதை வடிவான குழந்தை இயேசு. அவர் பேசி முடித்ததும் கிறிஸ்துமஸ் சந்தை திறந்துவிடுகிறது.

அன்று தொடங்கும் சந்தை டிசம்பர் 24 பிற்பகல்வரை நடக்கும். ஏறக்குறைய 180 மரக்கடைகள். பார்க்க வருபவர்கள் சுமார் இருபது லட்சம் பேர். ஐரோப்பாவில் இதைவிடப் பழைய சந்தைகளும் உண்டு, பெரியவையும் உண்டு. ஆனால், இந்தச் சதுக்கம் யாருக்கானது என்ற கேள்விக்கு நியூரம்பெர்க் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல நேர்ந்த சந்தை நகரம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. அந்தக் கேள்வியோடு சுற்றிப் பார்த்தால்தான் இந்தச் சந்தை பிடிபடும்.

பெட்டி சொன்ன சேதி

இந்தச் சந்தைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று, பூ ஓவியம் தீட்டிய சிறிய மரப்பெட்டி ஒன்று. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சந்தைப் பரிசாக அனுப்பியது. அடிப்பாகத்தில் 1628 என்று ஆண்டு எழுதியிருக்கிறது. நியூரம்பெர்க்கில் உள்ள ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். 1737-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றில் கடை போடும் உரிமை பெற்றவர்கள் 140 பேர் இருக்கிறார்கள். ஊரின் கைவினைஞர்களில் அநேகமாக எல்லாருமே அங்கே கடை விரித்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு சந்தை ஏன் வந்தது? முன்பெல்லாம் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் நாள் டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாள். மதச் சீர்திருத்தத்தை முன்னெடுத்த மார்ட்டின் லூதர், புனிதர் வழிபாட்டிலிருந்து விலகி, பரிசுப் பழக்கத்தைக் கிறிஸ்து பிறப்போடு சேர்த்தார். நியூரம்பெர்க் 1525-இலேயே லூதர் பக்கம் சேர்ந்துவிட்ட நகரம். பொம்மைத் தொழிலுக்கும் பேர்போன ஊர். கிறிஸ்துமஸுக்குப் பரிசு வேண்டும் என்றானதும், செய்பவர்களும் வாங்குபவர்களும் ஒரே சதுக்கத்தில் கூடிவிட்டார்கள்.

அந்தக் கைத்தொழிலின் வாசம் இன்றும் மாறவில்லை. 'ஸ்வெட்ஷ்கன்மென்லே' என்ற பொம்மையைப் பாருங்கள். கம்பியில் உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கோத்தால் கையும் காலும்; உலர்ந்த அத்திப்பழம் உடம்பு; கண்ணும் வாயும் வரைந்த வால்நட் தலை. அதற்குத் துணி தைத்துப் போட்டு, புகைபோக்கி சுத்தம் செய்பவராகவும் பாட்டியாகவும் மணமக்களாகவும் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றின் முகம் போல் இன்னொன்று இல்லை. பிளாஸ்டிக் தோரணம் கூடாது, பதிவு செய்த பாட்டுப் போடக் கூடாது என்பது நகராட்சியின் கண்டிப்பான விதி. அதனால் காதில் விழுவது மேடையில் பாடகர் குழுவும் பித்தளை வாத்தியக்காரர்களும் நேரில் இசைப்பதுதான். கடைகளுக்குக் கூரை, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி. அழகாகக் கடை அலங்கரிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசும் உண்டு.

ஏலக்காய் வந்த வழி

சந்தைக்குள் நுழைந்ததும் நம்மை நிறுத்துவது மணம். கிராம்பு, இலவங்கப்பட்டை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுக் காய்ச்சிய சிவப்பு ஒயினிலிருந்து ஆவி பறக்கிறது. பக்கத்தில் கரி அடுப்பில் விரல் நீளமே உள்ள நியூரம்பெர்க் சாசேஜ்கள். மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பது ஊர் வழக்கம். ஆனாலும் இந்த ஊரின் பெயரைச் சுமப்பது 'லெப்கூகன்' என்ற மசாலாக் கேக்தான்.

அதில் உயர்ந்த வகை எலிசன். மாவு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் போகக் கூடாது. பாதாம், ஹேசல்நட், வால்நட் போன்ற பருப்புகள் குறைந்தது இருபத்தைந்து பங்கு இருக்க வேண்டும். பூசையில் கொடுக்கும் அப்பத்தைப் போன்ற மெல்லிய வெள்ளைத் தகட்டின் மேல் கலவையைக் குவித்துச் சுடுகிறார்கள். கடித்தால் மேலே சர்க்கரைப் பூச்சு லேசாக உடைகிறது. உள்ளே ஈரப்பதமும் பருப்பின் நறநறப்பும். கடைசியில் நாக்கில் நிற்பது ஏலக்காயும் கிராம்பும் ஜாதிக்காயும்.

இந்த ருசிக்கு இரண்டு வேர்கள். ஒன்று, நகரத்தைச் சுற்றியிருந்த பேரரசுக் காட்டின் தேன். இன்னொன்று, நியூரம்பெர்க் வணிகர்கள் வெனிஸ் வழியாகக் கொண்டுவந்த கீழைநாட்டு மசாலாப் பொருள்கள். கடல்வழி திறந்த பிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1505-இல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்ச்சுகீசியக் கப்பற்படையில் இந்த நகரத்தின் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் வணிகக் குடும்பங்களும் பணம் போட்டிருந்தன. மலபார் மிளகும் இலங்கைப் பட்டையும் ஐரோப்பியப் பண்டிகைப் பலகாரத்தில் இடம்பிடித்த கதையில் இந்த ஊருக்கும் பங்குண்டு.

சதுக்கத்தின் அடியில்

இவ்வளவு மகிழ்ச்சி பொங்கும் இதே இடத்தில் முன்பு யூதர்கள் குடியிருந்தார்கள். 1349-இல், பின்னாளில் பேரரசரான மன்னர் நான்காம் கார்ல், அவர்களுடைய வீடுகளை இடித்துச் சந்தைத் திடல் அமைக்க நகரத்துக்கு அனுமதி கொடுத்தார். அந்த டிசம்பர் 5-ஆம் தேதி நடந்த படுகொலையில் குறைந்தது 562 யூதர்கள் மாண்டார்கள். இடிக்கப்பட்ட ஜெபஆலயம் இருந்த இடத்தில்தான் மாதா கோயில் எழுந்தது. கிறிஸ்ட்கிண்ட் நின்று பேசும் மாடம் அந்தக் கோயிலுடையது.

அடுத்த இருள் 1933-இல் வந்தது. 1898 முதல் வேறு இடங்களில் நடந்துகொண்டிருந்த சந்தையை நாஜிகள் ஆரவாரத்தோடு சதுக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சதுக்கத்துக்கு ஹிட்லரின் பெயரை வைத்தார்கள். மாடத்தில் கிறிஸ்ட்கிண்ட் தோன்றித் தொடங்கிவைக்கும் விழாவும் அந்த ஆண்டில் உருவானதுதான். பழம்பெருமை பேசும் பண்டிகை, ஆட்சியின் விளம்பரப் பலகையாக ஆனது. 1935-இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் இதே நகரத்தின் பெயரால்தான் அறியப்படுகின்றன. 1939-இல் போர் வந்தது, சந்தை நின்றது. 1945 ஜனவரி 2 இரவு விழுந்த குண்டுகளில் பழைய நகரம் தரைமட்டமானது.

1948-இல், இடிபாடுகளுக்கு நடுவே சந்தை மறுபடி தொடங்கியது. திறப்பு விழாவைக் கைவிடாமல், அதன் உள்ளடக்கத்தை மாற்றினார்கள். நகர நாடக அரங்கைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் ப்ரோகர் புதிய முன்னுரை எழுதினார். நடிகை சோஃபி கேசர் அதைப் பேசினார். வருகிற எவருக்கும் வரவேற்பு உண்டு என்பதுதான் அந்த உரையின் சாரம். 1969 முதல் நடிகைகளுக்குப் பதிலாக 16 முதல் 19 வயதுக்குள் இருக்கும் உள்ளூர்ப் பெண்களில் ஒருவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். உயரத்தைக் கண்டால் தலைசுற்றல் வரக் கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. மாடத்தில் நிற்பதோடு வேலை முடிவதில்லை. மருத்துவமனை, முதியோர் இல்லம், மழலையர் பள்ளி என்று டிசம்பர் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

2019-இல் தேர்வானவர், இந்தியாவிலிருந்து வந்த தந்தைக்கு நியூரம்பெர்க்கில் பிறந்த 17 வயது பெனிக்னா முன்சி. வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி-யின் மியூனிக் வட்டாரக் கிளை ஒன்று அவருடைய நிறத்தைக் குறிவைத்து ஃபேஸ்புக்கில் இழிவாக எழுதியது. கண்டனம் நாலாபக்கமும் கிளம்பியது, ஆதரவுச் செய்திகள் குவிந்தன, பதிவு நீக்கப்பட்டது. அந்த ஆண்டு மாடத்தில் ஏறி எல்லாரையும் வரவேற்றவர் அவரே. 1349-லும் 1933-லும் நகரம் சொன்ன பதில் வேறு; இப்போது சொன்ன பதில் வேறு. இந்தச் சந்தையில் நான் கொண்டாட விரும்புவது இதைத்தான்.

போகிறவர்களுக்கு

மியூனிக்கிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும் பயணம். ரயில் நிலையத்திலிருந்து சந்தைக்கு நடந்தே போகலாம். சனி, ஞாயிறு மாலைகளில் நெரிசல் தாங்காது. வார நாட்களின் முற்பகல் நல்லது. குளிர் காலடியிலிருந்து ஏறும் என்பதால் தடித்த காலணி அவசியம். ஒயின் தரும் குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்கும், பிடித்திருந்தால் குவளையை எடுத்து வந்துவிடலாம். மது வேண்டாதவர்களுக்குப் பழரசத்தைச் சூடாக்கித் தருகிறார்கள். குழந்தைகளோடு போனால் ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் ராட்டினங்களுடன் தனிச் சந்தை. நகராட்சி மன்றத்துக்கு அருகே, நியூரம்பெர்க்கின் சகோதர நகரங்கள் தங்கள் ஊர்ப் பொருள்களை விற்கும் கடைகள். டிசம்பரில் ஒரு மாலை, பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த விளக்குகளை ஏந்திக் கோட்டை வரை ஊர்வலம் போவார்கள். அந்தத் தேதியைக் கேட்டுவைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

கடைகளைச் சுற்றும் முன் மாதா கோயிலுக்குள் ஒருமுறை போய் வாருங்கள். அங்கே தரையில் தாவீதின் நட்சத்திரம் பதித்திருக்கிறது. 1349-இல் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவாக. இடித்த இடத்தை மறைக்காமல் அடையாளமிட்டு வைக்கத் துணிந்த ஊர் இது. அதைப் பார்த்த பிறகு வெளியே வந்து கூட்டத்தோடு கலந்தால், எவரும் வரலாம் என்ற வரவேற்பு எத்தனை பாடுபட்டுக் கிடைத்தது என்பது விளங்கும்.