கிணற்றைக் குடிக்கும் புல்தரைக்குக் ‘கல்தா’!
மொத்தமாகக் கொத்தினால் செம்மண்ணும் ‘கம்பி’ நீட்டும்!

முட்டம்,
‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படத்தில் தமிழ்நாடே பார்த்த ஊர் முட்டம். அந்தச் செம்மண் மேட்டையும் பாறையையும் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. அதே செம்மண்ணில் வீட்டு முற்றம் வைத்திருப்பவருக்கோ வேறு தலைவலி. புல்தரை!

ஆசைக்குப் பதித்த கம்பளப் புல்லைக் கடலோரத்தில் வளர்ப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். வெயில் நாளில் 1 சதுர மீட்டர் புல்லுக்கு 4, 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 1 சென்ட் என்றால் 160 முதல் 200 லிட்டர். தினம் பத்துப் பன்னிரண்டு குடம்! கடலோரக் கிணற்றில் அளவுக்கு மீறி மோட்டார் ஓடினால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறும். அப்புறம் குடிக்க எங்கே போவது?

புல்லை எடுத்துவிட்டுச் செடி வைப்பது நல்ல யோசனை. எடுக்கிற விதத்தில்தான் கோளாறு. நாலு ஆளை விட்டு ஒரே நாளில் கொத்திவிட்டால் அடுத்த மழைக்கு மண் நிற்காது. முட்டத்து மேட்டை மழை அறுத்திருக்கும் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. இத்தனை நாள் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் புல் வேர்தான்!

ஆகவே சரிவுக்குக் குறுக்கே 2 அடி அகலத்துக்கு மட்டும் முதலில் கொத்த வேண்டும். நடுவில் புல்லை விட்டு, அடுத்த 2 அடி. கொத்திய இடத்தில் மழை தொடங்கும்போது செடியை நட்டு, சுற்றிலும் தென்னை ஓலை, கதம்பை போட்டு மூடலாம். செடி வேர் பிடித்த பிறகு மீதிப் புல்லுக்கு ‘நாள் குறிக்கலாம்’.

உப்புக் காற்றுக்குக் காகிதப்பூ அசராது. தெச்சியும் வைக்கலாம். அரளியும் தாங்கும், ஆனால் இலை, பூ, விதை எல்லாமே விஷம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

“மருந்தடிச்சா முடிஞ்சுது” என்று நினைப்பவர்கள் கவனிக்க: களைக்கொல்லி கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்புத் தொழில் செய்பவர்கள் மூலமே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்தது. முற்றத்துக்குப் பக்கத்திலேயே கிணறு இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

அருகும் கோரையும் லேசில் ‘சரண்’ அடையாது. அருகின் ஒரு கணு தப்பினாலும் தழைக்கும். கோரைக்கு மண்ணுக்கடியில் கிழங்கு ‘தலைமறைவாக’ இருக்கும். கையால் துழாவி எடுக்க வேண்டும். எடுத்ததைத் தெருவோரம் வீசினால் அடுத்த வீட்டில் முளைத்துச் சண்டை வரும். சிமென்ட் தரையில் பரப்பி, நன்றாகக் கருகும் வரை வெயிலில் போடுங்கள்.