ஐரோப்பாவில் முதல் ரயில் பயணம்: டிக்கெட் வாங்கும் முன் எதை முதலில் முடிவு செய்வது?

பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம். லீவு பத்து நாள். ஐரோப்பா போகலாம் என்று நினைத்ததும் பலரும் முதலில் எழுதும் பட்டியல் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். மேப்பில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ரயிலும் இருக்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை இரண்டு. ஒன்று, நேரம். இன்னொன்று, இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கே உரிய ஒரு சிக்கல்: ரயில் டிக்கெட்டை எவ்வளவு முன்கூட்டி வாங்குகிறோமோ அவ்வளவு மலிவு. ஆனால், மலிவான டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் ரீஃபண்ட் கிடையாது. விசாவோ கடைசியில்தான் கைக்கு வரும். விசா வராவிட்டால் டிக்கெட் பணம் போச்சு. விசா வரும்வரை காத்திருந்தால் விலை ஏறிப்போச்சு.

எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது என்ற வரிசை தெரிந்தால், இந்தச் சிக்கலைப் பெருமளவு சமாளிக்கலாம். ஓர் உதாரணப் பயணத்தை வைத்தே பார்ப்போம்.

ஊர்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள்

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ரயில் மூன்று மணி நேரம்தான் என்றாலும், அந்த நாளில் பாதி போய்விடும். ரூமைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய், ரயில் ஏறி இறங்கி, புது ஊரில் ஹோட்டலைக் கண்டுபிடிக்க வேண்டும். பல ஹோட்டல்களில் மதியம் 2, 3 மணிக்குத்தான் ரூம் தருவார்கள். பத்து நாளில் ஏழு ஊர் என்றால், நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ரயில் நிலையங்களைத்தான்.

எளிய கணக்கு: பெரிய நகரத்துக்கு 3 முதல் 4 இரவு, சிறிய ஊருக்கு 2 இரவு. 13 இரவு இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: பாரிஸ் 4, சுவிட்சர்லாந்தின் லூசர்ன் 3, வெனிஸ் 2, ரோம் 4. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறுவது மூன்றே முறைதான்.

ஃபிளாரன்ஸ் பார்க்க வேண்டுமா? ரோமிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். தனி ஹோட்டல் தேவையில்லை.

சுற்றி வராதீர்கள், ஒரே திசையில் போங்கள்

பாரிஸில் இறங்கி, திரும்ப பாரிஸுக்கே வந்து விமானம் ஏறுவது வீண் செலவு. விமான டிக்கெட் தேடும்போது ‘மல்டி சிட்டி’ என்ற வசதியில் போகும் ஊராக பாரிஸ், திரும்பும் ஊராக ரோம் என்று கொடுத்துப் பாருங்கள். பல நேரங்களில் விலை பெரிதாக மாறாது. மாறினாலும், ரோமிலிருந்து பாரிஸுக்குத் திரும்பும் டிக்கெட்டும் அதற்குச் செலவாகும் ஒரு முழு நாளும் மிச்சம்.

உதாரணப் பாதையின் நேரக் கணக்கு: பாரிஸிலிருந்து பாசல் சுமார் 3 மணி நேரம். அங்கே ரயில் மாறினால் லூசர்ன் இன்னும் 1 மணி நேரம். லூசர்னிலிருந்து மிலன் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல். வழியில் 57 கி.மீ. நீளமுள்ள காட்ஹார்ட் சுரங்கப் பாதை வரும். மிலனிலிருந்து வெனிஸ் சுமார் இரண்டரை மணி நேரம். வெனிஸிலிருந்து ரோம் சுமார் 4 மணி நேரம்.

எந்த நாட்டிடம் விசா கேட்பது?

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். ஒரே விசாவில் எல்லாவற்றுக்கும் போகலாம். ஆனால், எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். முதலில் இறங்கும் நாடு என்று நினைப்பது தவறு. அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் சம நாட்கள் என்றால் மட்டுமே முதலில் நுழையும் நாடு.

நம் உதாரணத்தில் இறங்குவது பாரிஸில். பிரான்ஸில் 4 இரவு. ஆனால், வெனிஸ் 2, ரோம் 4 சேர்த்து இத்தாலியில் 6 இரவு. ஆக, விண்ணப்பம் இத்தாலிக்கு. இதனால்தான் ஊர்களும் இரவுகளும் முதலில் முடிவாக வேண்டும். விசா வாங்கிய பிறகு திட்டத்தைத் தலைகீழாக மாற்றினால், எல்லையில் கேள்வி வரலாம்.

பெரியவர்களுக்கு விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. நிராகரித்தாலும் திரும்பக் கிடைக்காது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும்; சில நேரம் 45 நாள்வரை இழுக்கும். கோடை சீசனில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. 2024-ல் இந்தியாவிலிருந்து போன விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கும் மேல். அதில் ஏறத்தாழ 15 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. அதனால், ‘எப்படியும் வந்துடும்’ என்று நம்பிப் பணத்தைப் போடாதீர்கள்.

‘நடுவுல லண்டன் போயிட்டு வரலாமா?’

பாரிஸிலிருந்து லண்டனுக்கு யூரோஸ்டாரில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால், பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. தனி விசா வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிப்பது என்றால், லண்டன் போனதோடு அது முடிந்துவிடும். திரும்ப பாரிஸுக்கு ரயில் ஏறவே விட மாட்டார்கள். லண்டன் வேண்டும் என்றால் பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வையுங்கள், நடுவில் வேண்டாம்.

பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரேல் பாஸ். அங்கேயே வசிப்பவர்களுக்கு இன்டர்ரேல். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு யூரேல்தான். ஒரு மாதத்துக்குள் 4 நாள், 5 நாள், 7 நாள் என்று பயண நாட்களின் எண்ணிக்கையை வைத்து வாங்கலாம். 27 வயது வரை இளைஞர் கட்டணம் உண்டு.

‘பாஸ் இருந்தா எந்த ரயில்லயும் ஏறிடலாம்ல?’ எல்லா ரயிலிலும் முடியாது. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்கள், யூரோஸ்டார், இரவு ரயில்கள் இவற்றுக்கெல்லாம் பாஸுக்கு மேல் ரிசர்வேஷன் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். டிஜிவி, யூரோஸ்டார் ரயில்கள் சிலவற்றில் பாஸ்காரர்களுக்கான இடங்களும் குறைவு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் ரிசர்வேஷன் கட்டாயமில்லை. பாஸைக் காட்டி ஏறிக்கொள்ளலாம்.

எனவே, பதில் உங்கள் பாதையில் இருக்கிறது. பாரிஸ் – லூசர்ன் – வெனிஸ் – ரோம் பாதையில் பாதிக்கு மேல் ரிசர்வேஷன் கட்டாய ரயில்கள். தனித்தனி டிக்கெட்டுகளை முன்கூட்டி வாங்கினால்தான் பொதுவாக லாபம். அதுவே ஆம்ஸ்டர்டாம் – பெர்லின் – பிராக் – வியன்னா – புடாபெஸ்ட் என்றால், பாஸ் வசதி. காலையில் எழுந்து எந்த ரயில் என்று முடிவு செய்யலாம்.

கணக்குப் போடும் முறை சுலபம். பாஸ் விலையைப் பயண நாட்களால் வகுத்து, ஒவ்வொரு நாளின் ரிசர்வேஷன் கட்டணத்தைக் கூட்டுங்கள். அதே ரயிலின் டிக்கெட் விலையோடு ஒப்பிடுங்கள்.

விசா வரும் முன் டிக்கெட் வாங்கலாமா?

நம் ஊரில் சாதாரண ரயில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. அங்கே அதிவேக ரயில் கட்டணம் விமான டிக்கெட் மாதிரி ஏறும். முன்கூட்டி 30, 40 யூரோவுக்குக் கிடைப்பது கடைசி நாளில் 100 யூரோவைத் தாண்டலாம். ஆனால், எல்லா ரயிலும் அப்படியல்ல. டிக்கெட்டுகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. விலை ஏறாதவை: சுவிட்சர்லாந்தின் வழக்கமான உள்நாட்டுக் கட்டணம், இத்தாலியின் உள்ளூர் ரயில்கள். அங்கே போய், அன்றைக்கே வாங்கலாம்.

2. விலை ஏறுபவை: பாரிஸ் – பாசல், மிலன் – வெனிஸ், வெனிஸ் – ரோம். விசா வந்த அன்றே வாங்குங்கள். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே விசா கையில் இருந்தால், நல்ல விலை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

3. இடம் தீர்ந்துவிடுபவை: நைட்ஜெட் போன்ற இரவு ரயில்களின் படுக்கைகள், கோடைக்கால யூரோஸ்டார். இவை கட்டாயம் வேண்டும் என்றால், கொஞ்சம் கூடுதல் விலையானாலும் ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

ஹோட்டலும் அப்படியே. விசா வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங் மட்டும் போடுங்கள். யூரேல் பாஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு நிம்மதி: ஆக்டிவேட் செய்யாத சாதாரண பாஸைக் கட்டணப் பிடித்தத்தோடு திருப்பித் தரலாம். ஆஃபரில் வாங்கிய பாஸுக்கு விதி வேறு. வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

கனெக்‌ஷன் ரயிலைத் தவறவிட்டால்?

லூசர்ன் – மிலன் ஒரு டிக்கெட், மிலன் – வெனிஸ் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால், முதல் ரயில் லேட்டானதால் இரண்டாவது ரயிலை விட்டாலும் பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையதுதான். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால், அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவது ரயில் நிறுவனத்தின் கடமை. தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, ரயில் 60 முதல் 119 நிமிடம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடம் அல்லது அதற்கு மேல் என்றால் 50 சதவீதமும் இழப்பீடு கேட்கலாம். கடும் வானிலை போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. டிக்கெட்டை ஆப்பிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் கவனம்

* பாரிஸில் பெரிய நிலையங்கள் பல. பாசல் ரயில் புறப்படுவது கார் து லியோனிலிருந்து. லண்டன், ஆம்ஸ்டர்டாம் ரயில்கள் கார் து நோரிலிருந்து. டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் பாருங்கள்.
* வெனிஸில் தீவுக்குள் இருப்பது சான்டா லூசியா. அதற்கு முந்தைய நிலையமான மெஸ்ட்ரே கரையில் இருக்கிறது. ஹோட்டல் எந்தப் பக்கம் என்று பார்த்து இறங்குங்கள்.
* டிஜிவியில் புறப்படுவதற்கு 2 நிமிடம் முன்பே கதவு மூடிவிடும். லண்டன் யூரோஸ்டாருக்கு பாஸ்போர்ட் சோதனை உண்டு. ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.
* இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் பிளாட்பாரம் அருகிலுள்ள இயந்திரத்தில் முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால் அபராதம்.
* போர்ட்டர் கிடைப்பார் என்று நம்ப வேண்டாம். படிக்கட்டில் நீங்களே தூக்கக்கூடிய ஒரு பெட்டி போதும்.

சுருக்கமாக, வரிசை இதுதான்

6 மாதம் முன்: ஊர்கள், இரவுகள், திசை. எந்த நாட்டு விசா என்பது இதிலேயே தெரிந்துவிடும். அன்றே அப்பாயின்ட்மென்ட் தேடத் தொடங்குங்கள்.

4 மாதம் முன்: ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் புக்கிங்குகளோடு விசா விண்ணப்பம்.

விசா வந்த அன்று: அதிவேக ரயில் டிக்கெட்டுகள், அல்லது பாஸும் ரிசர்வேஷனும்.

அங்கே போன பிறகு: விலை ஏறாத உள்ளூர் ரயில்கள்.

நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ‘இன்னும் ரெண்டு ஊர் சேர்த்துக்கலாமே’ என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அப்போது இரவுக் கணக்கை அனுப்புங்கள். எந்த ஊரிலிருந்து இரண்டு இரவைக் குறைப்பது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.