விளக்கொளியில் செல்லுலர் சிறை: படம் பிடிக்கச் சில யோசனைகள்

டெய்ரி ஃபார்மில் உள்ள நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால், ஒரு மாலை செல்லுலர் சிறைக்கு அழைத்துப் போவது வழக்கம். விளக்கொளியில் நிற்கும் முகப்பைப் படமெடுத்து ஊருக்கும் அனுப்புவார்கள். என்னிடம் காட்டப்படும் படங்களில் பெரும்பாலும் ஒரே குறை: கன்னங்கரிய வானம், நடுவே வெளிறிப்போன சுவர். 1906-இல் கட்டி முடிக்கப்பட்டபோது ஏழு சிறகுகள். இன்று எஞ்சியவை மூன்றே. அதுவும் படத்தில் கல்யாண மண்டபம் போலத் தெரிந்தால் மனம் பொறுக்குமா?

பெரும்பாலும் நேரம்தான் காரணம். இரவுப் படம் என்றாலும் முழு இருட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். சூரியன் மறைந்த பின் பத்து நிமிடம் முதல் இருபத்தைந்து நிமிடம் வரை வானம் நீலமாயிருக்கும். அப்போது வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் ஏறக்குறையச் சமம். கோபுரத்தின் விளிம்பு வானத்திலிருந்து பிரிந்து நிற்கும். நம் தீவில் சூரியன் சென்னையைவிடச் சுமார் 50 நிமிடம் முந்தி மறைகிறது. டிசம்பரில் 5 மணிக்கே அஸ்தமனம், ஜூனில்கூட 5.45தான். ஊர்க் கணக்கில் ஆறரைக்குப் போனால் காரிருள்தான்! விளக்கு போட்டதும் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்துப் பாருங்கள். எது நல்ல படம் என்று நீங்களே கண்டுகொள்வீர்கள்.

அடுத்தது அசைவு. முக்காலி இல்லாவிட்டால் மணல் நிரப்பிய துணிப்பையை மதில்மேல் வைத்து, அதில் கேமராவை அழுத்தி உட்கார வையுங்கள். விரல் பட்டாலே ஆடும். ஆகவே இரண்டு விநாடி டைமர் போடுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8, நேரம் 2 விநாடி என்று தொடங்கலாம். சுவர் வெளிறினால் நேரத்தைப் பாதியாக்குங்கள். கைபேசியானால் ஃபிளாஷை அணைத்து, திரையில் பிரகாசமான சுவரைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து நேரே வந்தால் இந்த ஈரக்காற்றில் லென்ஸ் பனிபடர்ந்துவிடும். கால் மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலில் எடுப்பவர்களுக்கும் இதே முறைதான். சீரியல் விளக்கு மாறி மாறி எரியும் இடத்தில் மட்டும் நான்கு விநாடி கொடுங்கள். எல்லா நிறமும் ஒரே படத்தில் விழும்.