பதினோராம் வகுப்புப் பௌதிகம்: முதல் மார்க்கைக் கண்டு மிரள வேண்டாம்

பத்தாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் தொண்ணூறு மார்க் வாங்கிய பையன், பதினோராம் வகுப்பின் முதல் பரீட்சையில் பௌதிகத்தில் முப்பதைத் தாண்டாமல் வந்து நிற்பது பல வீடுகளில் நடக்கும் சங்கதி. அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக விசாரணை தொடங்குகிறது. "சேர்க்கை சரியில்லை, எந்நேரமும் செல்போன்" என்று தீர்ப்பும் ஆகிவிடுகிறது. "பேசாமல் காமர்ஸில் சேர்த்திருக்கலாம்" என்று அம்மா அங்கலாய்க்கிறாள். குற்றம் பெரும்பாலும் பையனுடையதல்ல. பாடம் அப்படி அமைந்திருக்கிறது.

டெல்லியிலும், நாடெங்கும் உள்ள கேந்திரிய வித்யாலயங்களிலும் நடப்பது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். பதினோராம் வகுப்பில் பௌதிகத்துக்கு 14 அத்தியாயங்கள், பன்னிரண்டிலும் 14. எழுத்துத் தேர்வுக்கு 70 மார்க், செய்முறைக்கு 30. பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டிலும் தனித்தனியே 33 சதவிகிதம் எடுத்தால்தான் தேர்ச்சி. கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை.

கணக்கு பின்னால் வருகிறது

ஒரு மெட்ரோ ரயில் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. விநாடிக்கு விநாடி அதன் வேகம் ஒரே சீராக ஏறி, பத்தாவது விநாடியில் மணிக்கு 36 கிலோமீட்டரை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஓடிய தூரம் 50 மீட்டர். ஒன்பதாம் வகுப்புச் சூத்திரத்திலேயே இதைச் சொல்லிவிடலாம். ஆனால் வேகம் சீராக ஏறாமல், முதலில் விரைந்தும் பிறகு மெதுவாகவும் ஏறினால்? அங்கே பழைய சூத்திரம் உதவாது. வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் வேண்டும். பௌதிகப் புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயமே இந்தக் கேள்வியைத் தொட்டுவிடுகிறது.

அதே வகுப்பின் கணக்குப் புத்தகத்திலோ வகை நுண்கணிதத்தின் ஆரம்பம் பன்னிரண்டாவது அத்தியாயத்தில்தான் வருகிறது. தொகை நுண்கணிதம் அடுத்த ஆண்டுக்கு உரியது. ஆக, கணக்கு வாத்தியார் இன்னும் கொடுக்காத கருவியைப் பௌதிக வாத்தியார் கையில் எடுக்கச் சொல்கிறார். டாக்டர் கனவோடு கணக்கை விட்டுவிட்டு உயிரியல் எடுத்த பெண்ணின் பாடு இன்னும் கஷ்டம். அவளுக்கும் இதே பௌதிகம்தான். கணக்கு வகுப்பு மட்டும் இல்லை.

இன்னொரு முட்டுக்கட்டை திசை. ஒரு மூட்டையை ஒருவர் கிழக்கே 30 கிலோ பலத்தோடும், மற்றவர் வடக்கே 40 கிலோ பலத்தோடும் இழுத்தால் மொத்தம் 70 ஆகாது, 50தான் ஆகும். அளவோடு திசையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டிய இவற்றுக்கு வெக்டர் என்று பெயர். முதல் இரண்டு மாதங்களில் வெக்டரும் வரைபடமும் மனத்தில் படிந்துவிட்டால், பின்னால் வரும் விசை, ஆற்றல், சுழற்சி எல்லாம் வழிக்கு வரும். பதினோராம் வகுப்பின் 70 மார்க்கில் 40, அளவீடு முதல் ஈர்ப்பு விசை வரையுள்ள பகுதிக்கே என்பதை மறக்கலாகாது.

நெட்டுரு போதாது

பன்னிரண்டாம் வகுப்பில் மின்சாரமும் காந்தமும் 33 மார்க்குக்கு வருகின்றன. ஒளியும் மின்காந்த அலைகளும் சேர்ந்து 18. விதியை ஒப்பித்து மார்க் வாங்கும் காலம் போய்க்கொண்டிருக்கிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்து வினாத்தாளில் பாதி, படித்ததைப் பயன்படுத்திப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்.

உதாரணத்துக்கு ஒன்று. 60 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் வைத்தால் எது அதிகம் ஒளிரும்? நூறு என்று சொல்லத் தோன்றும். விடை அறுபது. அதன் மின்தடை அதிகம். ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியே போகும்போது தடை அதிகமுள்ளதே அதிக ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. வீட்டு ஒயரிங்கில் இணைப்பு வேறு என்பதால் அங்கே நூறு வாட்டே பிரகாசம். "ஏன்?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு இது விளையாட்டு, மற்றவர்களுக்குத் திண்டாட்டம்.

செய்முறையை அலட்சியம் செய்வது பெரிய தவறு. பன்னிரண்டாம் வகுப்பின் 30 மார்க்கில் இரண்டு சோதனைகளுக்கு 14, ரிக்கார்டு நோட்டுக்கு 5, வாய்மொழிக் கேள்விக்கு 5, எஞ்சியவை சிறு செயல்முறைக்கும் புராஜெக்டுக்கும். ரிக்கார்டு நோட்டை அவ்வப்போது எழுதி முடித்தவர் கடைசி வாரத்தில் கண்விழிக்க வேண்டியதில்லை.

பெற்றோர் செய்யக்கூடியது

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து பதினொன்று தொடங்கும் வரை கிடைக்கும் நாட்களில் திரிகோணமிதி, இருபடிச் சமன்பாடு, பத்தின் அடுக்குகள், வரைபடத்தின் சரிவு ஆகிய நான்கையும் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். செலவில்லாத தயாரிப்பு இது. என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். கோச்சிங்குக்குக் கடன் வாங்கும் முன், அந்தப் புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளைப் பிள்ளை தானே போட்டுப் பார்த்தானா என்று கேட்பது நல்லது.

"பதினொன்று பள்ளிக்கூடப் பரீட்சைதானே" என்று ஒதுக்கவும் கூடாது. ஜே.இ.இ., நீட் இரண்டிலும் இரண்டு வகுப்புப் பாடங்களும் கேட்கப்படுகின்றன.

பௌதிகம் படிக்காத பெற்றோரும் பிள்ளைக்குத் துணையிருக்க முடியும். பள்ளியில் ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லலாம். தடுமாறினால் பாடம் இன்னும் மனத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். ஒரு மீட்டர் நூலில் சிறு கல்லைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டு, லேசாக ஆட்டிவிட்டு, இருபது முறை போய்வர எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்கலாம். ஏறக்குறைய 40 விநாடி ஆகும். நூலைக் கால் மீட்டராகக் குறைத்தால் 20 விநாடி. நீளம் நான்கில் ஒன்றானபோது நேரம் ஏன் பாதி மட்டுமே குறைந்தது என்று பிள்ளை விளக்கட்டும், அப்பா கேட்கட்டும்.

முதல் பரீட்சை மார்க்கை மட்டும் வைத்து, "உனக்கு சயின்ஸ் வராது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கணக்கு வகுப்பு பௌதிகத்தை எட்டிப் பிடிக்கக் கொஞ்சம் நாளாகும். அரையாண்டு வரையிலாவது பொறுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.