லயத்துப் படியும் டிசம்பர் 3-ஆம் திகதியும்

ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் திகதி சர்வதேச மாற்றுத் திறனாளிகள் தினமாக அனுட்டிக்கப்படுவதை நேயர்கள் அறிவர். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1992-ஆம் ஆண்டிலே இதனைப் பிரகடனம் செய்தது. இலங்கையிலும் அந்நாளிலே கூட்டங்கள் நடைபெறுகின்றன. சக்கர நாற்காலிகள் வழங்கப்பெறுகின்றன. பிள்ளைகள் மேடையேறிப் பாடுகின்றனர். நல்லதே. ஆயினும் அந்த நாற்காலி போய்ச் சேரும் இடம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கேகாலை மாவட்டத்துத் தெஹியோவிட்டப் பகுதியைச் சூழ்ந்து கிடப்பவை இறப்பர்த் தோட்டங்கள். அங்கே மலைச்சரிவை வெட்டி லயங்களைக் கட்டினார்கள் அன்றைய துரைமார். வேலைக்குப் போகவல்ல கால்களையே அவர்கள் எண்ணினார்கள் போலும்! தெருவிலிருந்து லயத்துக்கு ஏறும் கற்படிகள் மழைக்காலத்திலே பாசி பிடித்து வழுக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவிலே சக்கர நாற்காலியை நிறுத்தினால் பாய் விரிக்க இடமில்லை. நடக்க மாட்டாத பிள்ளையைத் தாய் இடுப்பிலே சுமந்து இறங்குகின்றாள். ஐந்து வயது வரை அது கூடும். பன்னிரண்டு வயதிலே கூடுமா? அவளோ விடியுமுன்னரே பால்வெட்டுக்குப் போக வேண்டியவள். பிள்ளை மடுவம் கைக்குழந்தைகளுக்கே உரியது. ஆதலின், வளர்ந்த பிள்ளை பாட்டியின் காவலில் காம்பிராவுக்குள்ளேயே இருந்துவிடுகின்றது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலே பெயர் இல்லாத பிள்ளையை விழாவுக்கு அழைப்பவர் யார்?

சட்டம் இல்லாமலில்லை. 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணங் காட்டிக் கல்விக்கூடத்திலே இடம் மறுத்தலும் உத்தியோகம் மறுத்தலும் ஆகாது என விதிக்கின்றது. பொதுக் கட்டடங்களுக்குள் எவரும் செல்ல வழியமைத்தல் வேண்டும் என 2006-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகள் ஏட்டளவிலே நின்றபோது, சக்கர நாற்காலியிலே வாழ்ந்த அஜித் சி. எஸ். பெரேரா என்னும் பெரியார் உயர் நீதிமன்றம் சென்றார். 2011 ஏப்ரலிலே நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2016-இல் ஐக்கிய நாடுகளின் உரிமைச் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதி செய்தது. இவையெல்லாம் பொது வாயில்களைத் திறக்கும் விதிகள். லயத்துப் படியோ தோட்டத்துக்குச் சொந்தம்; அதனைச் செப்பனிடுவது கம்பனியா, பிரதேச சபையா என்ற கேள்வியிலே வருடங்கள் கழிகின்றன.

மொழியின் தடை வேறு. இரத்மலானையிலே 1912-இல் மேரி சாப்மன் அம்மையார் தொடக்கிவைத்த செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை பழம்பெருமை உடையது. தமிழிலே கற்பிக்கும் நவீல்ட் பாடசாலை யாழ்ப்பாணத்துக் கைதடியிலே இருக்கின்றது. பால்வெட்டும் தாய்க்குக் கைதடி எத்தனை தூரம்! உதவிப் பணத்துக்குரிய படிவம் சிங்களத்திலே மட்டும் கையிலே தரப்படுமாயின், அதனை நிரப்பித் தருவோரைத் தேடி அரை நாள் பேர் போகும். தமிழிலே கேட்கும் உரிமை 1988-ஆம் ஆண்டின் 16-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் அவளுக்கு உண்டு. அவ்வுரிமை உண்டென்பதை அவளுக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? தோட்டத்திலிருந்து கல்லூரிக்கு வந்த மாணவர் இந்த ஒரு வேலையையேனும் தம் விடுமுறையிலே செய்யலாம். ஒரு படிவத்துக்குக் கால் மணி நேரம் போதும்.

அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், இன்று மாற்றுத் திறனாளிகள் என்கின்றோம். சொல் திருந்தியது கண்டு மகிழ்கின்றோம். படி திருந்தினால் இன்னும் மகிழ்வோம்.

ஆகவே ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. வரும் டிசம்பரிலே அந்தக் கூட்டத்தை நகர மண்டபத்தில் நடத்தாது, தோட்டத்துப் பெரட்டுக்களத்திலே நடத்தினால் என்ன? அதிகாரிகளும் அப்படிகளிலே ஏறித்தானே வர வேண்டும்! நேரத்தை மட்டும் பிற்பகலிலே வைத்தல் நலம். பால் நிறுத்துக் கொடுத்த பின்னரே தாய்மார் வர இயலும்.