கப்பி மீனின் நிறமும் மரபியலும்

உயிரினங்களின் நிறம் பெற்றோரிடமிருந்து சந்ததிக்கு எவ்விதம் செல்கிறது என்பதை அறிய விலையுயர்ந்த கருவிகள் எப்போதும் தேவைப்படுவதில்லை. தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டதும், கொசுப்புழு ஒழிப்பிற்காக நம் நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டதுமான கப்பி மீன் இதற்குப் போதும். குட்டியீனும் இம்மீன் சுமார் மூன்று மாதங்களில் பருவமடைகிறது. எனவே ஓராண்டிற்குள் சில தலைமுறைகளைக் கண்டுவிடலாம்.

தந்தைவழி நிறம்

வண்ணப் புள்ளிகள் ஆண் மீனிடமே காணப்படும். பெண் மீன் சாம்பல் நிறமுடையது. ஆணின் முதுகுத் துடுப்பிலுள்ள கரும்புள்ளி மகன்களுக்குச் செல்கிறது என்பதையும், மகள்கள் வழியாகப் பேரன்களுக்குச் செல்வதில்லை என்பதையும் டென்மார்க் ஆய்வாளர் ஜோஹான்னஸ் ஷ்மிட் 1920இல் வெளியிட்டார். ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமில் அதற்கான மரபணு இருப்பதே காரணம் என்று அந்நாட்டவரான விங்கே 1922இல் விளக்கினார்.

தாயின் மறைந்த பங்கு

ஆயினும் எல்லா நிறங்களும் ஒய் குரோமோசோமைச் சார்ந்தவை அல்ல. சில எக்ஸ் குரோமோசோமிலும் வேறு சில பிற குரோமோசோம்களிலும் உள்ளன. பெண் மீனுக்கு ஆண் இயக்குநீரை அளித்தால் அதனிடம் மறைந்திருந்த வண்ணங்கள் வெளிப்படுகின்றன. எனவே நிறமற்ற தாய்க்கு நிறத்தில் பங்கில்லை என்று கொள்வது தவறு. சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் வளர்ப்பு மையங்களில் இதற்குப் பொருளாதார முக்கியத்துவம் உண்டு. தந்தையை மட்டும் தேர்ந்தெடுத்து, குலமறியாத பெண் மீன்களுடன் சேர்த்தால், விலைபெறும் நிறம் சில தலைமுறைகளில் கலைந்துவிடும்.

சோதனை செய்வோர் இரண்டு விதிகளைப் பின்பற்ற வேண்டும். பெண் மீன் விந்தைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைக்கும். ஆதலால் பருவமடையுமுன் பெண் குஞ்சுகளைப் பிரித்து வளர்த்தல் அவசியம். செம்மஞ்சள் நிறத்தின் செறிவு உணவிலுள்ள கரோட்டினாய்டுகளையும் பொறுத்தது. ஆகவே எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே தீனி அளிக்கப்பட வேண்டும்.

பட்டுத் தொழிலில் பயன்

பட்டுப்பூச்சியில் நிலைமை நேர்மாறானது. டபிள்யூ குரோமோசோம் தாயிடமிருந்து மகளுக்கே செல்கிறது. புழுவின் தோல் அடையாளத்திற்கான மரபணுவை எக்ஸ் கதிர்களின் உதவியால் ஜப்பானிய அறிஞர் டஜிமா அக்குரோமோசோமிற்கு மாற்றினார். அதன் பயனாக, பெண் புழுக்களை அடையாளத்தைக் கொண்டே பிரிக்க முடிந்தது. கலப்பின முட்டை உற்பத்தியில் இவ்வாறு பிரித்தல் இன்றியமையாதது. மேலும், ஆண் கூடுகளில் பட்டின் விகிதம் அதிகம். ஐதராபாத்தின் உப்பலில் இன்று இயங்கும் டி.என்.ஏ. ரேகைப்பதிவு, நோயறிதல் மையத்தில் பட்டுப்பூச்சி மரபியல் ஆய்வுகளை ஜே. நாகராஜு முன்னின்று வளர்த்தார்.

கப்பித் தொட்டியில் மாணவர் கற்கும் விதியும் பட்டு விவசாயிக்குப் பயன்படும் விதியும் ஒன்றே. ஆனால் சோதனையில் மிஞ்சிய மீன்களை ஏரி, குளங்களில் விடலாகாது. விரைந்து பெருகும் இம்மீன் நாட்டு மீன்களின் இடத்தையும் உணவையும் கவர்ந்துகொள்ளும்.