கண்ணுக்குள் தெரியும் பிரஷர்

கண்ணாடி மாற்றப் போன இடத்தில், "உங்களுக்கு பிரஷர் இருக்கிறதா?" என்று கண் மருத்துவர் கேட்டால் பலர் திகைக்கிறார்கள். பார்வை மங்கலுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். உடம்பில் கத்தி வைக்காமலே ரத்தக் குழாயை நேரில் பார்க்க முடிகிற இடம், கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரை. 1851-ல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கண்நோக்கிக் கருவியைப் பற்றி வெளியிட்ட பிறகு, மருத்துவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது.

விழித்திரையில் தமனிகளும் சிரைகளும் மரக்கிளை போலப் பிரிந்து ஓடுகின்றன. தமனி 2 பங்கு அகலம் என்றால் சிரை 3 பங்கு. அழுத்தம் ஏறினால் தமனி தன்னைச் சுருக்கிக்கொள்ளும். அடுத்திருக்கும் நுண்குழாய்களை அந்த வேகம் தாக்காமல் இருக்க உடம்பு செய்யும் தற்காப்பு இது. ஆனால் வருடக்கணக்கில் அழுத்தம் குறையாவிட்டால் தமனியின் சுவர் தடித்து இறுகிவிடும். குழாய் செம்புக் கம்பி போல மின்னும். முற்றினால் வெள்ளிக் கம்பி.

தமனி சிரையைக் கடக்கும் இடம்தான் முக்கியமானது. அங்கே இரண்டுக்கும் ஒரே உறை. பெரும்பாலும் மேலே கிடக்கும் தமனி கெட்டிப்பட்டால், அடியில் போகும் மெல்லிய சிரை நசுங்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் மருத்துவர் மார்கஸ் கன் இதை விவரித்தார். நசுங்கிய இடத்தில் ரத்தம் உறைந்தால் சிரை அடைபடும். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு கண்ணில் ஒரு பகுதி திரை போட்டது போல மறைக்கும். வலி இருக்காது. வலி இல்லையே என்று நாலு நாள் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். அன்றைக்கே போக வேண்டும்.

சுவர் தாங்காமல் போனால் கசிவு தொடங்கும். நரம்பிழைகளின் போக்கிலேயே ரத்தம் பரவுவதால் தீச்சுடர் வடிவில் தெரியும். ரத்தம் எட்டாத இடங்கள் பஞ்சுத் துணுக்கு போல வெளுக்கும். எல்லாவற்றுக்கும் மேல், பார்வை நரம்பின் முனையே வீங்கும். கீத், வேகனர், பார்க்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1939-ல் இவற்றை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். நான்காம் நிலையில் இருந்தவர்களில் 100-க்கு 6 பேர்தான் மூன்று ஆண்டு கடந்து உயிரோடிருந்தார்கள். அன்று நல்ல மாத்திரைகள் இல்லை. இன்று இருக்கின்றன. அழுத்தம் கட்டுக்குள் வந்தால் ரத்தக் கசிவும் பஞ்சுத் திட்டுகளும் வாரங்களிலோ மாதங்களிலோ மறைகின்றன. இறுகிய தமனி மட்டும் பழையபடி ஆகாது.

180/120-க்கு மேல் ஏறி, பார்வையும் மங்கினால் அது அவசர நிலை. நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பயந்துபோய் வீட்டிலேயே மாத்திரையைக் கூட்டிப் போடாதீர்கள். அழுத்தம் தடாலென்று விழுந்தாலும் பார்வை நரம்புக்கும் மூளைக்கும் ரத்தம் குறைந்து கேடு வரும்.

முதல் இரண்டு நிலைகளில் பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்பதுதான் என் கவலை. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிப்பவரின் விழித்திரையிலும் செம்புக் கம்பி இருக்கலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், "கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். அன்று வண்டி ஓட்டாமல், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் கொண்டு போங்கள்.